பெரியாண்டி எதில் இருக்கிறார்?

கரவனெல்ல பஸ் நிறுத்தத்துக்கு எதிரே போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கும் மர்லியாவுக்குக் காலையிலிருந்தே தலை சுற்றியது. கணினி தன்னைப் புதுப்பித்துக்கொண்டிருந்த நேரம் பார்த்துக் கரண்ட் போய்விட்டது. அதோடு அதை இயக்கும் லினக்ஸ் மென்பொருள் எழும்பவே இல்லை. கறுப்புத் திரையில் ஒரு கோடு மட்டும் சிமிட்டியது.

எதிரே இருளாயி உட்கார்ந்திருந்தாள். நாளைக்கு அவள் புருஷன் பெரியாண்டியின் கருமாதி; மாலை போட ஒரு படம் வேண்டும். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிய மனிதர். அடையாள அட்டைக்காக மட்டுமே படம் எடுத்தவர். சாவைப் பதியப் போனபோது அந்த அட்டையையும் வாங்கிக்கொண்டார்கள். நல்லவேளை, அதற்கு முன்பே மர்லியா அதை ஸ்கேன் செய்திருந்தாள். பெரியாண்டியின் முகம் இனி இந்தப் பெட்டிக்குள் மட்டும்தான்.

"யோசிக்காதீங்க அக்கா. இப்பிடி ஆனா எழுப்பத்தான் தம்பி ஒரு பென் செஞ்சு தந்தீக்கிறான்." ஆணியில் தொங்கிய பென் டிரைவை எடுத்துச் செருகினாள்.

கணினி எழும்பியது. அதே நீலத் திரை, அதே சின்னங்கள்.

"வந்திருச்சு!" என்றாள் இருளாயி.

மர்லியா படங்கள் இருக்கும் கோப்புறையைத் திறந்தாள். வெறுமையாக இருந்தது. கல்யாணப் படங்கள் இல்லை, பாஸ்போர்ட் முகங்கள் இல்லை. எதையாவது அழுத்தி அழித்துவிட்டோமா? கேகாலையிலிருந்த தம்பி அப்ஹமைப் போனில் கூப்பிட்டாள்.

"எல்லாம் போச்சுடா!"

அவன் சிரித்தான். "லாத்தா, நீங்க பாக்கிறது பென்னுக்குள்ள ஈக்கிற வேற லினக்ஸ். ஒங்கட டிஸ்க் பக்கத்துல சும்மா தூங்குது. இடப்பக்கம் டிஸ்க் சின்னம் ஈக்கும், அதத் தொறங்க."

மீட்புப் பென் செய்கிற வேலை அவ்வளவுதான். தான் சுமந்துவந்த சிறிய லினக்ஸைக் கணினியின் நினைவகத்தில் ஏற்றி ஓடவிடும். நாம் திறக்கச் சொல்லும்வரை டிஸ்க்கைத் தொடாது.

மர்லியா திறந்தாள். பெரியாண்டி விறைத்த கண்களோடு பார்த்தார். படத்தைத் திரைமுகப்பில் பிரதி எடுத்து வைத்தாள். கணினி குணமாகிவிட்டதா என்று பார்க்கும் ஆசையில் பென்னைக் கழற்றி மறுபடி இயக்கினாள். அதே கறுப்பு. பென்னைச் செருகி எழுப்பினால், திரைமுகப்பில் படத்தைக் காணோம்.

"மறுபடியும் போயிட்டாரா?" இருளாயி உதட்டைப் பிதுக்கினாள். "உசுரோட இருக்கப்பவும் இப்படித்தாங்க. சொல்லாம கொள்ளாம கித்துல்கல போயிருவாரு."

அப்போதுதான் மர்லியாவுக்கு உறைத்தது. திரைமுகப்பும் நினைவகத்தில்தான் இருந்திருக்கிறது. அணைத்தால் அதிலுள்ளது போய்விடும். டிஸ்க்கைத் திறந்தாள். மூலப்படம் அசையாமல் இருந்தது. இதை வைக்க இன்னொரு பென் வேண்டும். இருளாயி வெளியே போய், அங்கே காத்திருந்த மகனுடைய த்ரீவீல் ஆட்டோவில் பாடிக்கொண்டிருந்த பென்னைப் பிடுங்கி வந்தாள். பாட்டுகளுக்கு நடுவே பெரியாண்டி ஏறினார். மர்லியா படத்தை அச்சுக்கும் கொடுத்தாள்.

"இப்ப இவரு எதுலதான் இருக்காரு தங்கச்சி?"

"டிஸ்க்ல ஈக்கிறாரு. மகன்ட பென்லயும் ஈக்கிறாரு. நினைவகத்துல... இல்ல, அந்தப் பிரதி இப்ப..." மர்லியா குழம்பி நிறுத்தினாள்.

பிரிண்டர் தாளைத் தள்ளியது. இருளாயி அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு எழுந்தாள்.

"சரிங்க, நான் இவரக் கூட்டிட்டுப் போறேன். பெட்டிக்குள்ள இருக்கிறவர நீங்களே வச்சுக்கங்க."