ஐந்து நாள் குறைந்த ஆண்டு

உலகத்தில் நடந்த சண்டைகளில் பாதி, சொல்லுக்கு எல்லை கட்டாததால் நடந்தவை. மனிதன் மனிதனானது வரையறையைக் கண்டுபிடித்த அன்றுதான். சட்டப்பிரிவுத் தலைவர் இதைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லி முடித்தபோது, எதிரே நின்ற தண்ணீர் கேன்காரர், "சார், கையெழுத்து எங்க போடணும்? வண்டி ரோட்டுல நிக்குது," என்றார்.

கேன்காரருக்கான ஒப்பந்தம் மூன்று பக்கம். மாதம் நாற்பது கேன் என்பது முதல் பக்கத்தில் இருந்தது. இரண்டாம் பக்கம் முழுக்க வரையறை. 'பணச்சந்தை' என்றால் ஓராண்டுக்கு மேற்படாத தவணைக்குப் பணம் கைமாறும் சந்தை. 'ஆண்டு' என்றால், பணச்சந்தை வழக்கப்படி, முந்நூற்று அறுபது நாட்கள். தண்ணீருக்கு இதெல்லாம் எதற்கு என்று கேன்காரர் கேட்கவில்லை. காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடினார்.

கம்பெனிகளுக்குக் குறுகிய காலக் கடன் கொடுக்கும் நிறுவனம் அது. அந்தக் கடன்களுக்காகத் தலைவர் பதினெட்டு வருடங்களுக்கு முன் எழுதிய பக்கம்தான் இது. வட்டி ஓடும் நாட்களை எண்ணும்போது முந்நூற்று அறுபத்தைந்து; வகுக்கும்போது முந்நூற்று அறுபது. இடையில் உள்ள ஐந்து நாள் வட்டி சத்தமில்லாமல் நிறுவனத்தின் பக்கம் ஒதுங்கும். போன வருடம் அவர் ஓர் உத்தரவு போட்டார்: இந்த மாடியிலிருந்து இறங்கும் எந்த ஒப்பந்தமும் அந்தப் பக்கம் இல்லாமல் இறங்கக் கூடாது. அன்றிலிருந்து ஜெராக்ஸ் மெஷின் வாடகையிலும், பூத்தொட்டிப் பராமரிப்பிலும், கரப்பான்பூச்சி மருந்தடிப்பிலும் பணச்சந்தை புகுந்தது. மாடியில் அவருக்கு 'வரையறை' என்று பெயர். அவர் அறையின் கதவு சாத்தியிருக்கும்போது மட்டும்.

இத்தனை பக்கங்களுக்கும் மெய்ப்புப் பார்த்தவள், விட்டுப்போன கமாக்களைப் போட்டுப் போட்டே அந்தப் பெயர் வாங்கிய கமா அக்கா. அவள் அங்கே ஏழாவது முறையாக முதல் வருடத்தை ஓட்டிக்கொண்டிருந்தாள். ஓராண்டு தொடர்ந்து வேலை பார்த்தால் நிரந்தரம் என்பது ஒப்பந்தம். அதனால் ஒவ்வொரு வருடமும் முந்நூற்று அறுபத்திரண்டாம் நாள் ஒரு கடிதம் வரும். மூன்று நாள் வீட்டில் இருப்பாள். நான்காம் நாள் புது ஒப்பந்தம், புது அடையாள அட்டை, பழைய நாற்காலி.

நிரந்தரமானவர்களின் குடும்பத்துக்கு நிறுவனம் மருத்துவச் செலவு கொடுக்கும். அவள் கணவர் மருந்துக்கடைக் கவுண்டரில் பத்து மணி நேரம் நிற்பவர். வலது முட்டிக்கு ஆபரேஷன் வேண்டும் என்று டாக்டர் சொல்லி மூன்று வருடம் ஆகிறது. "நீ பெர்மனென்ட் ஆகுறதுக்குள்ள என் முட்டி ரிட்டயர் ஆயிடும் போல," என்பார், மாடிப்படியில் பாதியில் நின்றுகொண்டு. முதலில் சிரித்தாள். அப்புறம் அவர் நிற்கும் படியிலேயே தானும் உட்கார்ந்துகொள்ளப் பழகிவிட்டாள்.

இந்த வருடமும் முந்நூற்று அறுபத்திரண்டாம் நாள் வந்தது. எச்.ஆர். மேலாளர் ஒரு தாளோடு வந்து நின்றார்.

"அக்கா, ஒரு லெட்டர். கொஞ்சம் பிழை பாத்துக் குடுங்க."

வாங்கிப் பார்த்தாள். "இது எனக்கு வர்ற லெட்டர்தானே?"

"ஆமா. வேற யார்கிட்டக் குடுக்கச் சொல்றீங்க?"

அதுவும் நியாயம்தான். பேனாவை எடுத்தாள். ஒரு கமா போட்டாள். 'ஓராண்டு நிறைவடையாத நிலையில்' என்று இருந்ததை ஒப்பந்தத்தோடு ஒத்துப் பார்க்க, பழக்கத்தில், டிராயரிலிருந்து தன் பிரதியை எடுத்தாள். இரண்டாம் பக்கத்தில் பேனா நின்றது. அந்தப் பக்கத்தை இந்த ஒரு வருடத்தில் நானூறு தடவையாவது அவள் திருத்தியிருப்பாள். ஒருமுறைகூடப் படித்ததில்லை.

மேசைக் காலண்டரில் விரல் வைத்து எண்ணினாள். மறுபடியும் எண்ணினாள்.

"சார், இதுல பிழை இருக்கு."

"எங்க?"

"எனக்கு வருஷம் முடிஞ்சு ரெண்டு நாளாச்சு."

கால் மணி நேரத்தில் இருவரும் தலைவரின் அறையில் இருந்தார்கள்.

"இந்த முந்நூத்தறுபது பணச்சந்தைக்கும்மா," என்றார் தலைவர், பொறுமையாக. "பணச்சந்தைன்னா என்னன்னு மொதல்ல புரிஞ்சுக்கணும். குறுகிய காலத்துக்கு வாங்கறது, வருஷம் முடியறதுக்குள்ள திருப்பறது, தேவைப்பட்டா மறுபடி வாங்கறது. நீங்க அதுல எங்க வர்றீங்க?"

"ஏழு தடவை வாங்கி ஆறு தடவை திருப்பி அனுப்பியிருக்கீங்க சார். நான் வராம வேற யாரு வருவா?"

எச்.ஆர். மேலாளருக்குச் சிரிப்பு வந்தது. இருமலாக மாற்றிக்கொண்டார். "சார், இந்தப் பக்கம் இவங்களுக்குப் பொருந்தாதுன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துடுங்க. நான் ஃபைல்ல வெச்சுக்கறேன்."

"எழுதியா?"

"எழுத்துல இருந்தாத்தானே சார்."

தலைவர் பேனாவின் மூடியைத் திறந்தார், மூடினார். தன் பக்கம் ஓர் இடத்தில் பொருந்தாது என்று தன் கையாலேயே எழுதினால், அது வேறு எங்கெல்லாம் பொருந்தாது என்று கடன் வாங்கியவனின் வக்கீல் நாளைக்கே கேட்பான். பதினெட்டு வருடம். வருடத்துக்கு ஐந்து நாள்.

"நீங்க எங்கம்மா இதெல்லாம் படிச்சீங்க?" என்றார், கொஞ்சம் வருத்தமாக.

"நீங்க எழுதினதுதான் சார். முட்டி வலிக்கிற ஆளு வீட்ல இருக்கார். இன்னொரு மொதல் வருஷம் அவருக்குத் தாங்காது."

"வரையறை வரையறைதான்," என்றார் தலைவர் கடைசியில், யாரோ தன்னைப் பாராட்டியதுபோல. "நான் எழுதினா எழுதினதுதான். பெர்மனென்ட் ஆர்டர் போட்டுக் குடுங்க."

அன்று மாலை மாடிப்படியில் கணவரிடம் சொன்னாள். அவர் அடுத்த படிக்குக் காலைத் தூக்கியவர் அப்படியே நின்றார். "நெஜமாவா? எந்தக் கிறுக்கன் வருஷத்துக்கு முந்நூத்தறுபது நாள்னு எழுதினான்?"

"வாயை மூடுங்க. பெரிய மனுஷன் அவரு."

அடுத்த மாதம் பன்னிரண்டாம் தேதிக்கு ஆபரேஷன் நாள் வாங்கினார்கள்.

எச்.ஆர். மேலாளருக்குத்தான் தூக்கம் போயிற்று. அந்தப் பக்கம் ஒட்டியிருந்த ஊழியர் ஒப்பந்தங்களை எல்லாம் எடுத்து, நாட்களைப் புதிதாக எண்ணி, ஒரு பட்டியல் போட்டார். பிழை பார்க்க அது கமா அக்காவிடம் வந்தது. பதினோரு பெயர். பத்துப் பேர் நிரந்தரமாக வேண்டியவர்கள். பதினோராவது தலைவர்.

அவருடைய ஒப்பந்தத்தைப் போன வருடம்தான் புதுப்பித்திருந்தார்கள். அவர் உத்தரவுப்படியே அந்தப் பக்கத்தோடு. வயதில் அறுபதாவது ஆண்டு முடியும் நாளில் ஓய்வு என்று அதில் இருந்தது. காலண்டர்படி அதற்கு இன்னும் நான்கு மாதம் இருந்தது. அவர் எழுதிய பக்கத்தின்படி ஆறு மாதத்துக்கு முன்பே முடிந்துவிட்டது. அந்த ஆறு மாதமும் அவர் சம்பளம் வாங்கியிருந்தார்.