குளியலறைக் கதவின் அகலம்

1

இந்தக் கதை என் சமையலறையில் கிடைத்தது. கிடைத்தது என்று சொன்னால் தானாக வந்து மடியில் விழுந்தது போல இருக்கிறது. அங்கே வேலை பார்க்க வந்தவரைப் பேசவிட்டு நான் பிடுங்கிக்கொண்டேன் என்பதுதான் சரி.

அடுப்புப் புகை வெளியே போக ஒரு குழாய் வைக்க வேண்டியிருந்தது. அதற்குச் சுவரில் துளை வேண்டும். கொத்தனார் வந்தார், சுவரைத் தட்டிப் பார்த்தார், உள்ளே முழுக்கக் கான்கிரீட், உளி வைத்தால் உளிதான் உடையும் என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார். அவர் அனுப்பிவைத்த ஆள்தான் நம் கதாநாயகர். கான்கிரீட் அறுப்பவர். தொழில் வட்டாரத்தில் அவருக்கு ‘அறுவை’ என்று பெயர். சுவரை அறுப்பதால் வந்த பெயராக்கும் என்று நினைத்தேன்.

“அது பாதிதான் சார். மீதி நான் பேசுறதால வந்தது.”

சுவரில் ஓர் இயந்திரத்தை முடுக்கி, தண்ணீர் பாய்ச்சிக்கொண்டே துளைத்தார். கடைசியில் உருளையாக ஒரு துண்டை உருவி எடுத்து என் கையில் கொடுத்தார். ஈரமும் கனமுமாக இருந்தது. பக்கமெல்லாம் சல்லிக் கற்கள் பாதி பாதியாக நறுக்கப்பட்டு மெருகேறியிருந்தன. இத்தனை வருடம் நான் சாய்ந்து நின்று காபி குடித்த சுவருக்குள் இப்படி ஓர் ஊரே குடியிருந்திருக்கிறது!

அதற்கப்புறம் எனக்கு வாய் சும்மா இருக்குமா? கேட்டுத் தள்ளினேன். அதில் ஒரு கேள்வி: கோடு போட்டு முடித்த பிறகு வேண்டாம் என்று யாராவது தடுத்திருக்கிறார்களா?

அவர் கருவியைக் கழுவிக்கொண்டே கொஞ்சம் யோசித்தார். “ஒருத்தங்க வாசல்லயே வண்டியை நிறுத்திட்டாங்க” என்றார்.

2

இதை எப்படித் தொடங்குவது என்று நான் பட்ட பாடு உங்களுக்குத் தேவையில்லாதது. ஆனாலும் காட்டுகிறேன்.

[ரம்பம் தொட்டதும் வீடு பல்லைக் கடித்துக்கொண்டது.]

நல்ல வாக்கியம்தான். ஆனால் இந்தக் கதையில் ரம்பம் வெகுநேரத்துக்குச் சுவரைத் தொடவே போவதில்லை. முதல் வரியிலேயே உங்களை ஏமாற்றினால் அப்புறம் என்னை யார் நம்புவார்கள்?

[ஒரு காலத்தில் நகர நெரிசலுக்குள் பேருந்தைப் பூப்போல ஓட்டிச் சென்ற அந்தப் பெண்மணி, இன்று சக்கர நாற்காலியில், பிறர் தயவை எதிர்பார்த்து]

பாதியிலேயே விட்டுவிட்டேன். இந்த வாக்கியம் கையேந்துகிறது. நீங்கள் பார்க்கப் போகும் அக்கா யாரிடமும் கையேந்துகிற ஆள் இல்லை. (அவர் பேருந்து ஓட்டுநராக இருந்தவர் என்பது மட்டும் உண்மை. அதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.)

ஆகவே அறுவை சொன்ன மாதிரியே தொடங்குகிறேன். அவர் மணியை அடித்தார். கதவு திறந்தது.

3

திறந்தவர் தங்கை. வேலைக்குக் கூப்பிட்டவர் அவர்தான். பல் மருத்துவர் ஒருவரிடம் உதவியாளர். நாள் முழுக்கத் துளைக்கிற சத்தத்துக்கு நடுவில் பிழைப்பவர் என்பதால் அறுவையின் இயந்திரங்களைப் பார்த்து அவர் முகம் சுளிக்கவில்லை. ஆனால் உள்ளே விட்டதுமே உதட்டில் விரல் வைத்து, அக்கா படுத்திருக்கிறார், சத்தம் வேண்டாம் என்றார். கான்கிரீட் அறுக்க வந்தவனிடம் இதைச் சொன்ன முதல் ஆள் இவர்தான் என்று அறுவை மனசுக்குள் சிரித்துக்கொண்டார்.

படுக்கையறையையும் குளியலறையையும் பிரிக்கும் சுவர். அதில் ஒரு குறுகிய கதவு. கதவின் ஒரு பக்கம் சுவரை அறுத்து வாசலை அகலமாக்க வேண்டும். மேல்மாடியைத் தாங்குகிற சுவர் என்பதால் சுத்தியல் வேலைக்கு ஆகாது, அதிர்ச்சியில் எங்கெங்கோ விரிசல் விடும். ரம்பம் என்றால் பக்கத்து அறைக்காரருக்குத்தான் காது போகும், சுவருக்கு ஒன்றும் ஆகாது. எவ்வளவு தூரம் அறுக்கலாம் என்று பொறியாளர் ஏற்கெனவே வந்து பார்த்து அனுமதித்திருந்தார்.

அறுவை தரையில் பிளாஸ்டிக் விரித்தார். வெட்ட வேண்டிய இடத்தில் பென்சிலால் கோடு போட்டார். கையடக்கமான ஒரு பெட்டியைச் சுவரில் உருட்டினார். உள்ளே இரும்புக் கம்பி ஓடுகிற இடத்தில் அது கீச்சென்று கத்தும். அந்தச் சத்தத்துக்குத்தான் அக்கா எழுந்து வந்தார். கட்டிலிலிருந்து தானாகவே நாற்காலிக்கு மாறி, சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றார்.

படியில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, அறுவை சிகிச்சை முடிந்து, தங்கை வீட்டுக்கு வந்திருக்கிறார். கொஞ்ச நாளைக்கு மட்டும். மறுபடி நடப்பாரா என்று கேட்டால் டாக்டர், பார்க்கலாம் என்கிறார். அடுத்த முறை கேட்டாலும் அதே பார்க்கலாம்தான். இதெல்லாம் அறுவைக்குப் பிற்பாடு தெரிந்தது. அப்போது அவர் கண்டது, அந்தப் பெட்டியையே கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணை.

அது என்ன என்று கேட்டார் அக்கா. அறுவைக்கு வேறு என்ன வேண்டும்? கதை கதையாகச் சொன்னார். அக்கா பெட்டியை வாங்கித் தன் நாற்காலியின் மேல் உருட்டினார், கட்டில் காலில் உருட்டினார், அது கத்தக் கத்தச் சிரித்தார். கடைசியாகத் தன் இடுப்பருகே கொண்டுபோனார். கீச்சென்றது. “உள்ள வச்ச கம்பி பத்திரமாத்தான் இருக்கு” என்றார். பிறகு அவருக்கு ஏதோ பொறி தட்டியிருக்க வேண்டும்.

“ஏன் தம்பி, குழாய்ல தண்ணி கசியுதுன்னுதானே வந்தீங்க? அதுக்கு எதுக்குக் கம்பியத் தேடுறீங்க?”

“கசிவா? கதவை அகலப்படுத்தணும்னுதானே மேடம் சொன்னாங்க?”

தங்கை இடுப்பில் கை வைத்தபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

4

இந்தத் தங்கையை எழுதும்போது நான் ஒரு தப்புக் கணக்குப் போட்டேன். அறுவை எனக்குச் சொன்னதே கொஞ்சம்தான்: பொய் சொல்லிவிட்டு இடுப்பில் கை வைத்து நின்றார் என்று. நம் ஊர்க் கதைகளில் இடுப்பில் கை வைத்தால் அவர் திமிர் பிடித்தவர். நானும் அப்படியே எழுதினேன். அக்காவைச் சுமையாக நினைக்கும் தங்கை, காரியம் முடிந்தால் போதும் என்கிற தங்கை. அவருக்காக இரண்டு பக்கம் சுடச்சுட வசனம்கூட எழுதிவைத்தேன்.

[“உனக்கு என்ன, நீ பாட்டுக்கு உட்கார்ந்துட்டே, ஓடுறது நான்தானே”]

இதை அடித்துவிட்டதற்குக் காரணம் அடுத்த பகுதியில் வருகிறது. அதுவரை அந்தக் கையை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள்.*

* கவனிக்காவிட்டாலும் பரவாயில்லை. அந்த வீட்டிலேயே யாரும் கவனிக்கவில்லை.

5

அக்கா கத்தவில்லை. நான் இங்கே தங்கப் போவதில்லை, நடக்க ஆரம்பித்ததும் என் வீட்டுக்குப் போய்விடுவேன், நாலு வாரத்து விருந்தாளிக்காக யாராவது வீட்டை வெட்டுவார்களா என்று நிதானமாகக் கேட்டார். தங்கை, நாற்காலி உள்ளே போகாததால்தானே என்று ஆரம்பித்தார். அக்கா முடிக்க விடவில்லை.

“தம்பி, நீங்க சொல்லுங்க. வெட்டினதைத் திரும்ப ஒட்ட முடியுமா?”

“முடியாதுக்கா. செங்கல் வச்சு அடைக்கலாம். ஆனா பழைய சுவர் ஆகாது.”

“கேட்டியா?” என்றார் அக்கா தங்கையிடம்.

பேசுவதற்கே பேர்போன அறுவை அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு குளியலறைக்குள் நுழைந்தார். அந்தப் பக்கச் சுவரிலும் கோடு போட வேண்டும், அல்லது அப்படி ஏதோ ஒரு வேலை இருப்பதாகக் காட்டிக்கொள்ள வேண்டும். வேலை நடக்குமா நடக்காதா என்று அவருக்கே தெரியவில்லை. சகோதரிகள் சண்டைக்கு நடுவில் நிற்பதைவிடக் குளியலறை மேல் என்று தோன்றியது.

வெளியே அக்காவின் குரல் கேட்டது. இந்த வாசலில் நாற்காலி போகாது என்று யார் சொன்னது? இதைவிடக் குறுகலான சந்துகளில் ஜனங்களை நிறைத்துக்கொண்டு பேருந்து ஓட்டியிருக்கிறேன். இரண்டு பக்கமும் கண்ணாடியை மடக்கிக்கொண்டு, ஒரு கீறல் விழாமல். ஒரு வண்டி ஒரு வழியில் போகுமா போகாதா என்று எனக்கு அளந்து பார்த்துச் சொல்ல வேண்டாம்.

அறுவை திரும்பிப் பார்த்தபோது நாற்காலி வேகமாக வந்துகொண்டிருந்தது. அக்கா கடைசி நேரத்தில் கைகளை மடிக்குள் இழுத்துக்கொண்டு, வண்டியைக் கொஞ்சம் ஒடித்து விட்டார். ஒரு சக்கரம் உள்ளே வந்தது. மற்றது நிலையில் முட்டி ஏறி மாட்டிக்கொண்டது. நாற்காலி சாய்வாக இறுகி நின்றது. முன்னே வரவும் இல்லை, பின்னே போகவும் இல்லை.

வாசல் அடைபட்டுவிட்டது. அறுவை உள்ளே, தங்கை வெளியே, அக்கா நடுவில்.

அறுவை நாற்காலியின் கைகளைப் பிடித்து உள்ளிருந்து தள்ளினார். அக்காவின் காலில் படக்கூடாது என்பதால் முழு பலத்தையும் போட முடியவில்லை. தங்கை பின்னாலிருந்து இழுத்தார். இன்னொரு தரம் இழுத்தார். நாற்காலி சடக்கென்று விடுபட்டுப் பின்னால் உருண்டது. அப்போது தங்கையிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அலறல் இல்லை, மூச்சு அறுந்தாற்போல ஒரு சின்னச் சத்தம். அப்படியே கட்டிலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். கை இடுப்பில் இருந்தது.

என்னடி ஆச்சு என்று அக்கா கேட்டார். தங்கை ஒன்றுமில்லை என்றார். எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை.

“எவ்வளவு நாளா?”

தினமும் காலையிலும் இடையிடையேயும் அந்த வாசலில் நாற்காலியை நிறுத்தி, அக்காவை இரண்டு கைகளாலும் தூக்கி, பக்கவாட்டில் திரும்பி உள்ளே கொண்டுபோய் உட்கார வைத்தவர் அவர்தான். திரும்பக் கொண்டுவந்ததும் அவர்தான். முதுகு போய்விட்டதை அக்காவிடம் சொல்லவில்லை. சொன்னால் அக்கா அன்றைக்கே பெட்டியைக் கட்டிக்கொண்டு தன் வீட்டுக்குப் போய்விடுவார், அங்கே தனியாகக் கிடப்பார். அதனால்தான் குழாய்க் கசிவு. கதவை வெட்டி முடித்துவிட்டால் தூக்க வேண்டியதில்லை, தூக்க வேண்டியதில்லை என்றால் வலியைச் சொல்ல வேண்டியதில்லை.

அறுவை குளியலறை வாசலிலேயே நின்றார். தான் இங்கே இருக்கக் கூடாது என்று நினைத்தார், ஆனால் வெளியே போக இருவரையும் தாண்டித்தான் போக வேண்டும்.

6

இந்த இடத்தில் நான் எழுதியது:

[அக்கா குலுங்கிக் குலுங்கி அழுதார். “என்னை மன்னிச்சிடுடி” என்று தங்கையின் தலையை மடியில் சாய்த்து]

அறுவைக்குப் போன் செய்து படித்துக் காட்டினேன். “அவங்க அழல சார்” என்றார். ஒரு சொட்டுக்கூடவா என்று கேட்டேன். இல்லை என்றார். என்ன செய்தார் என்றால், தலையணையை எடுத்துத் தங்கையின் முதுகுக்குப் பின்னால் குனிந்து வைத்தார். நாற்காலியிலிருந்து அவ்வளவு குனிவது அவருக்குச் சுலபமில்லை. வைத்துவிட்டு வெகுநேரம் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்னொன்றும் எழுதியிருந்தேன். அறுவையின் ரம்பம் சுவரில் பொருத்திய தண்டவாளத்தில் ஓடுவது, தூர நின்று ரிமோட்டில் ஓட்டலாம். அக்கா அந்த ரிமோட்டைக் கேட்டு வாங்கி, பழைய ஓட்டுநர் கைகளால் முதல் வெட்டைத் தானே போடுகிறார். எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. அறுவை சிரித்துவிட்டார். அவர் நிஜமாகவே ரிமோட்டை நீட்டினாராம். அக்கா வாங்கவில்லையாம்.

“தண்டவாளத்துல ஓடுறது ரயில். ஸ்டீயரிங் இல்லாத வண்டியில எனக்கு என்ன வேலை?”

சரி. கண் கலங்கியது வீண்.

7

ஆனால் ரிமோட்டுக்கு முன்னால் ஒன்று நடந்தது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றினேன்.

அக்கா கதவைப் பார்த்து முடித்துவிட்டு, “வெட்டுங்க தம்பி. ஆனா இந்தக் கோடு பத்தாது” என்றார்.

தங்கை கேட்டிருந்தது நாற்காலி போகிற அகலம், கூடவே இரண்டு கையும் உரசாத அளவுக்குக் கொஞ்சம். அது போதுமே என்று அறுவை விளக்கப் பார்த்தார். அக்கா பென்சிலைக் கேட்டு வாங்கினார். சுவர் ஓரமாக வந்து, பழைய கோட்டுக்கு அப்பால், ஒரு முழம் தள்ளிப் புதுக் கோடு ஒன்றைக் கீழேயிருந்து எட்டிய உயரம் வரைக்கும் இழுத்தார். கை நடுங்காத கோடு.

“இவளும் நானும் பக்கத்துல பக்கத்துலயே போகணும்” என்றார்.

தங்கை தரையில் உட்கார்ந்தபடியே அந்தக் கோட்டைப் பார்த்தார். ஏன் என்று கேட்கவில்லை. அறுவை பொறியாளர் சொன்ன எல்லையை நாடா வைத்துப் பார்த்தார். கோடு அதைத் தொடாமல் நின்றது. அவ்வளவுதான், தண்ணீரைத் திறந்து, தண்டவாளத்தைப் பொருத்தி, வேலையைத் தொடங்கினார். மாலைக்குள் துண்டுகளை இறக்கி வெளியே கொண்டுபோய்விட்டார். பூச்சு வேலைக்கும் தரை வேலைக்கும் வேறு ஆட்கள் வருவார்கள் என்பதால் அவர் அந்த வீட்டுக்கு மறுபடி போகவில்லை.

எனக்குத்தான் மண்டை குடைந்தது. நாற்காலியைப் பின்னாலிருந்து தள்ளுகிறவருக்கு அவ்வளவு அகலம் தேவையில்லை. பக்கத்தில் பக்கத்தில் என்றால் என்ன அர்த்தம்? இனி யாரும் என்னைத் தள்ள வேண்டாம், நான் ஓட்டுகிறேன், நீ கூட வா என்பதா? அப்படியென்றால் அவர் இந்த வீட்டில் தங்கச் சம்மதித்துவிட்டார். இல்லை, ஒரு நாள் எழுந்து தங்கையின் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்து போவேன், அப்போது வாசல் இடிக்கக் கூடாது என்பதா? அப்படியென்றால் சம்மதிக்கவே இல்லை. இரண்டுக்கும் ஒரே அகலம்தான்.

[அடுத்த வாரம் தங்கையின் தோளில் கை வைத்து, அக்கா முதன்முறையாக]

[தன் வீட்டைக் காலி செய்து சாவியைக் கொடுத்துவிட்டு வந்த அன்று அக்கா, சக்கரத்தை]

இரண்டையும் முடிக்கவில்லை. அறுவையிடமே கேட்டேன், உங்களுக்கு என்ன தோன்றியது என்று.

“நான் அகலம்தான் சார் கேட்பேன். எதுக்குன்னு கேட்டதில்ல.”

நான் எதற்கு என்று கேட்டுப் பிழைப்பவன். ஆனாலும் அக்காவிடம் கேட்க எனக்கு வழியில்லை. இருந்திருந்தாலும் கேட்டிருப்பேனா, தெரியாது. என் கற்பனை எட்டியவரை எழுதிவிட்டு நிறுத்திக்கொள்கிறேன்: பூச்சு காய்ந்துவிட்டது. காலை நேரம். அக்கா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறார். நாற்காலி ஒரு பக்கம் இருக்கிறது. மறுபக்கம் தங்கை, இடுப்பில் பட்டை கட்டிக்கொண்டு, கையை நீட்டியபடி நிற்கிறார். எதிரே வாசல் திறந்திருக்கிறது.

அக்கா எந்தப் பக்கம் கையை நீட்டினார்? நீங்கள் சொல்லுங்கள்.