வெள்ளை லிங்கன்

கல்யாண ஹோலின் பின்பக்கம், குப்பைத் தொட்டிகளுக்கும் சமையல்காரரின் வானுக்கும் நடுவில் காரை நிறுத்திவிட்டு, அன்புராசா அதைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தார். உள்ளே ஏறி ஹீற்றரைப் போட்டுக்கொண்டு படுத்திருக்கலாம். பொம்பிளை மாப்பிள்ளையைப் பின்னேரம்தான் ஏற்ற வேண்டும். ஆனால் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. கையிலிருந்த துணியால் கதவின் அடியில் தெறித்திருந்த சேற்றைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தார். கார் நீளம், பத்துப் பேர் தாராளமாக இருக்கலாம். ஒருதரம் சுற்றி வந்தாலே குளிர் கொஞ்சம் விட்டுப்போகும்.

காலையில் மாப்பிள்ளையையும் தோழன்மாரையும் ஏற்றியபோது வழக்கமான கதையைத் தொடங்கியிருந்தார். பதினொரு வருசமாக ஒவ்வொரு மாப்பிள்ளைக்கும் சொல்லிவரும் கதை அது. காத்திருக்கிற நேரங்களில் ஃபோனில் பார்த்துப் பார்த்துச் சேர்த்தது.

"தம்பி, லிங்கன் எண்டது சும்மா பேரில்லை. நூறு வருசத்துக்கு மேல. தொடக்கத்தில சண்டை பிளேனுக்கு எஞ்சின் செய்த கம்பனி. தொடங்கின மனிசன் தான் முதன்முதல் வோட் போட்ட ஜனாதிபதியின்ர பேரைத்தான் அதுக்கு வைச்சவர். பிறகு எத்தினை ஜனாதிபதிமார் இதில ஊர்வலம் போனவை! அமெரிக்கன் கார் எண்டு சொல்லுவினம், ஆனா இந்த மொடலைக் கடைசியாச் செய்தது எங்க தெரியுமோ? இஞ்சை, ஒன்ராறியோவில, சென் தோமஸில. அதையும் மூடிப்போட்டாங்கள்."

கம்பனியை விற்றபின் அதைத் தொடங்கிய கிழவர் அங்கே நாலைந்து மாதம்கூட நிற்க முடியாமல் வெளியேறியதை அவர் சொல்வதில்லை. கல்யாணத்துக்குப் போகிறவனிடம் அதை ஏன் சொல்ல வேண்டும்?

முன்பெல்லாம் இந்தக் கதையைக் கேட்கிறவர்கள் காரின் முகப்பில் சாய்ந்து நின்று படம் எடுப்பார்கள். இன்றைக்குப் பின்சீற்றிலிருந்து ஒருவன், "அங்கிள், நோ ஒஃபென்ஸ், இது ஃபியூனரல் கார் மாதிரியெல்லோ இருக்கு?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளையும் சிரித்தான். அன்புராசாவும் கூடச் சிரித்துவைத்தார். சிரிக்காமல் என்ன செய்வது?

அந்தச் சிரிப்புத்தான் அவரைக் காரைச் சுற்றி நடக்க வைத்தது. முதலாளி பத்மநாதன் போன மாதமே சொல்லியிருந்தார். அவரது மங்கள வாகன சேவைக்கு இப்போது கேட்டு வருவதெல்லாம் பெட்டி மாதிரியான ஜேர்மன் கார்கள். லிங்கனைக் கிழவர்களின் கார் என்கிறார்கள். "இந்த சீசன் ஒரு குறைச்சொல் கேளாமல் முடியட்டும் அன்பண்ணை, தைக்கும் மாசிக்கும் இதுக்கு புக்கிங் இருக்கு. இருக்குமட்டும் வைச்சிருப்பம். கார் நிண்டா நீங்களும் நிண்ட மாதிரி." கார் போனால் யார் போவார் என்று அவர் சொல்லவில்லை, சொல்லத் தேவையுமில்லை. ஜேர்மன் கார்களை ஓட்டுவதற்குப் பத்மநாதனின் மருமகன் நிதுசன் இருந்தான். அன்புராசாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. இதற்கு முன் ஏஜென்சி மூலமாகக் கோழி இறைச்சியைப் பெட்டியில் அடைக்கும் ஃபக்டரியில் நின்றவர். அந்தக் குளிர் அறையை நினைத்தாலே விரல்கள் மடங்க மறுத்தன.

ஃபோன் அடித்தது. ஜெயமலர்.

மங்கள வாகனத்தின் கார்களுக்கெல்லாம் பூ அலங்காரம் செய்கிறவள் அவள். மல்வேர்னில் இருக்கிறாள். கிட்னி வருத்தக்காரப் புருசன் வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில் கண்ணை மூடிவிட்டார். இன்றைக்குச் செத்தவீடு. உடலைப் பார்வைக்கு வைத்த நேற்றே போய்வந்த அன்புராசா, இன்றைக்கு வரமுடியாததைச் சொல்லி வருத்தப்பட்டிருந்தார்.

"அண்ணை, எங்களை ஏத்த வாற வான் இன்னும் வரேல்லை."

"என்ன பிள்ளை சொல்லுறாய்? அனுப்புறனெண்டு பத்மநாதன் என்ரை முன்னாலதானே சொன்னவர்."

"ஃபோன் எடுத்தனான். வான் எயார்போட்டுக்குப் போட்டுதாம். ஆரோ பொம்பிளை பகுதி லண்டனிலையிருந்து வருகினமாம். இஞ்சை பெட்டியை எரிக்கிற இடத்துக்குக் கொண்டு போட்டினம். வான் வரும்தானே எண்டு சனமெல்லாம் தங்கட கார்களில வெளிக்கிட்டிட்டுது. நானும் பிள்ளையளும்தான் நிக்கிறம். ஊபரும் கிடைக்குதில்லை. பிந்தினா அங்க அடுத்த ஆக்களின்ரையை எடுத்திடுவினமாம். பெடியன் வேட்டியோட நிக்கிறான் அண்ணை. அவன்தானே சுவிச்சை அமத்த வேணும்."

வந்து ஏற்றுங்கோ என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏலாது என்று சொல்லியிருக்கலாம்.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே பத்மநாதன் சொன்ன விசயம் ஒன்றுதான்: கல்யாணக் கார் செத்தவீட்டு வாசல் மிதிக்கக் கூடாது. தெருவில் பிரேத ஊர்வலம் கண்டால்கூட வேறு தெருவால் போக வேண்டும். மன்னார்க் கத்தோலிக்க வேதக்காரரான அன்புராசாவுக்குக் கல்யாணமும் பிரேதமும் ஒரே கோயில் வாசலால் போய்வருகிற சங்கதி. ஆனாலும் இந்தப் பதினொரு வருசத்தில் அவர் ஒருநாளும் அதை மீறியதில்லை. தொழில் அதில்தான் நின்றது.

துணியை எறிந்துவிட்டு ஏறினார். "நில்லு பிள்ளை, வாறன்" என்றார்.

மழையும் பனியும் கலந்து தூறிக்கொண்டிருந்தது. பிரேதம் வைத்திருந்த மலர்ச்சாலை வாசலில் ஜெயமலர் வெள்ளைச் சேலைக்கு மேல் கறுப்பு ஜக்கெற் போட்டபடி நின்றாள். மகன் வேட்டியோடு, வெறும் மேலில் யாரோ பெரிய ஆளின் கோட்டைப் போர்த்திக்கொண்டு நின்றான். சின்னவள் தாயின் கையைப் பிடித்திருந்தாள். அன்புராசா இறங்கி ரிபனை ஒரே இழுவையில் இழுத்துக் கழற்றினார். முகப்பில் கட்டியிருந்த பெரிய பட்டுப்பூக் கொத்து மட்டும் அசையவில்லை. கம்பியில் விரலை விட்டுப் பிடுங்கிப் பார்த்தார்.

"விடுங்கோ அண்ணை, அது நான் கட்டினது. லேசில வராது," என்றாள் ஜெயமலர். "நேரம் போகுது."

அவள் எத்தனையோ நூறு தரம் இந்தக் காருக்குப் பூக் கட்டியிருக்கிறாள், ஆனால் உள்ளே ஏறி இருந்தது இதுதான் முதல்தரம். பொம்பிளை இருக்கிற இடத்தில் நடுவாக இருந்துவிட்டு, பிறகு எதையோ நினைத்து ஓரத்துக்குத் தள்ளி இருந்தாள். கூரையில் ரோஸ் நிற லைட்டுகள் எரிந்தன. "அம்மா, நட்சத்திரம் மாதிரி!" என்று சின்னவள் சத்தமாகச் சொன்னாள். தமையன் திரும்பிப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டாள். அன்புராசா லைட்டை அணைக்கக் கையை நீட்டினார், பிறகு அப்படியே விட்டுவிட்டார். பிள்ளை பார்க்கட்டும்.

சரியான நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். வாசலில் நின்ற சனம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பூக்கொத்துப் போட்ட வெள்ளை லிமோவிலிருந்து கொள்ளிக்காரப் பெடியன் இறங்குவதை யாரும் எதிர்பார்க்கவில்லை. யாரோ ஃபோனைத் தூக்கிப் பிடித்ததை அன்புராசா கண்ணாடியில் கண்டார். அதை நின்று யோசிக்க அவருக்கு நேரமிருக்கவில்லை.

காசு போட்டுக் கழுவுகிற இடத்தில் காரை மேலும் கீழும் உள்ளும் புறமும் கழுவினார். வீட்டுக்கு ஓடிப்போய்த் தலையில் வார்த்தார். மனைவி வேரோனிக்கா துவாயோடு பின்னால் வந்தாள்.

"உங்களுக்கென்ன விசரே? அந்தாள் அறிஞ்சா இண்டைக்கே நிப்பாட்டிப்போடும்."

"பின்னை, பெடியனைத் தெருவில விட்டிட்டு வாறதோ?"

அவள் துவாயை அவர் கையில் கொடுத்தாள். கீழே இறங்கி வந்து, மடு மாதா கோயில் தீர்த்தப் போத்தலைத் திறந்து சீற்றுகளில் தெளித்தாள். "சைவக்காரற்ற துடக்குக்கு எங்கட தீர்த்தம் வேலை செய்யுமோ தெரியாது," என்றாள். அந்த அவதியிலும் இருவருக்கும் சிரிப்பு வந்தது.

சொன்ன நேரத்துக்குப் பொம்பிளை மாப்பிள்ளையை ஏற்றினார். பொம்பிளை இறங்கும்போது, "தாங்ஸ் அங்கிள், இட் வோஸ் சோ க்ளீன்," என்றாள். தப்பிவிட்டோம் என்றுதான் அவர் நினைத்தார்.

இரவுக்குள் அந்த வீடியோ ரொறன்ரோவில் உள்ள வட்ஸ்அப் குறூப்புகளையெல்லாம் சுற்றி வந்துவிட்டது. காரின் வெள்ளையும் பூக்கொத்தும் தெளிவாகத் தெரிந்தன. பொம்பிளையின் தாய் பத்மநாதனுக்கு ஃபோன் எடுத்து அழுதாளாம், "என்ரை பிள்ளையைப் பிரேதக் காரிலயோ ஏத்தினனீங்கள்?" என்று.

மறுநாள் யூனியன்வில்லில் பத்மநாதன் வீட்டுக் கராஜுக்குள் வைத்துக் கதை நடந்தது. பத்மநாதன் சத்தம் போடவில்லை. தேத்தண்ணிகூடக் கொடுத்தார்.

"நான் உங்களைப் பிழை சொல்லேல்லை அன்பண்ணை. மனுசத்தன்மையிலதான் செய்தனீங்கள். ஆனா தையும் மாசியும் முழுக்கக் கான்சல். லிங்கன் மட்டுமில்லை, மற்றக் கார்களுக்கும் கேட்டுக் கேட்டுத்தான் புக் பண்ணுகினம், 'அது செத்தவீட்டுக்குப் போனதோ' எண்டு."

"வான் அனுப்புறன் எண்டனீங்கள்."

"அது வேற கதை."

"நான் காரையும் கழுவி, நானும் தோய்ஞ்சிட்டுத்தான்..."

"எனக்குத் தெரியும். சனத்துக்குத் தெரியுமே?" பத்மநாதன் தேத்தண்ணிக் கப்பை வைத்தார். "இனி அந்தக் காரை ஆர் தொடுவினம், சொல்லுங்கோ. அதில செத்தவீடு ஏறீட்டுது. கம்பனிக் கோட்டைக் கழற்றி நிதுசனிட்டைக் குடுத்திட்டுப் போங்கோ. மற்றக் கணக்கை நான் அனுப்பிவிடுறன்."

அன்புராசாவுக்குச் சொல்ல நிறைய இருந்தது. கறுப்புக் கோட்டைக் கழற்றி மடித்துக் கொடுத்தார். நிதுசன், "சொறி அங்கிள்," என்று தரையைப் பார்த்தான். அவன் கெட்ட பெடியன் இல்லை.

இரண்டு நாள் கழித்து ஜெயமலர் ஃபோன் எடுத்தாள். அவளையும் வரவேண்டாம் என்றுவிட்டார்கள். தாலி அறுத்தவள் கட்டின பூவில் பொம்பிளை போகிறதோ என்று எந்தத் தாயும் கேட்கத்தானே செய்வாள்; ஒரு வருசம் போகட்டும், பிறகு பார்ப்போம் என்று சொன்னார்களாம். "என்னாலதானே அண்ணை உங்களுக்கும்..." என்று தொடங்கினாள்.

"அதை விடு பிள்ளை," என்றார். "பெடியன் நேரத்துக்கு நிண்டவன்தானே. அது காணும்."

சொன்னது உண்மைதான். ஆனால் அந்த உண்மை வாடகை கட்டவில்லை. மார்கழி முழுக்க அவர் வீட்டுக்குள் நடந்து திரிந்தார். எந்தக் கம்பனியிலும் வயதைக் கேட்கவில்லை, முகத்தைப் பார்த்தார்கள். கடைசியில் பழைய ஏஜென்சிக்கே போனார். அதே கோழி, அதே குளிர் அறை. வேலை இருக்கிறதோ இல்லையோ விடிய வந்து வாசலில் நிற்க வேண்டும்; உள்ளே எத்தனை பேர் தேவையோ அத்தனை பேரைக் கை காட்டி எடுப்பார்கள்.

தை மாதத்தில் ஒரு சனிக்கிழமை கை அவர் பக்கம் வரவில்லை. "இண்டைக்கு ஆள் காணும் அங்கிள், மண்டே பாப்பம்," என்றான் சுப்பவைசர். அன்புராசா சாப்பாட்டுப் பையைத் திரும்பக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பஸ் தரிப்புக்கு நடந்தார். வழிநெடுக ஃபக்டரிகள். கிழமை நாளில் அடிக்கடி வருகிற பஸ் வார இறுதியில் நினைத்தால்தான் வரும். தரிப்பின் கண்ணாடி உடைந்திருந்தது. காற்று நேராக முகத்தில் அடித்தது. அவர் நாலடி அங்கே, நாலடி இங்கே என்று நடந்தார். நிற்க முடியவில்லை. சப்பாத்துக்குள் விரல்கள் இருப்பதே தெரியவில்லை.

சந்தியில் சிவப்பு விழுந்தது. ஒரு நீளமான கறுப்புக் கார் வந்து சரியாக அவருக்கு முன்னால் நின்றது. கண்ணாடி மாதிரிப் பளபளத்த கறுப்பு. கதவில் பொன்னிற எழுத்தில் 'சாந்தி இறுதிப் பயண சேவை' என்று எழுதியிருந்தது. முகப்பில் வெள்ளைப் பூ வளையம். பின்பக்கத்து நம்பர் பிளேற்றைப் பார்க்க முன்னரே எஞ்சினின் சத்தத்தில் அவருக்கு அது எந்தக் கார் என்று விளங்கிவிட்டது.

ஜன்னல் இறங்கியது. உள்ளிருந்து சூடான காற்று வந்து அவர் முகத்தில் பட்டது. நிதுசன் கறுப்புக் கோட்டோடு இருந்தான். கோட் அவனுக்குத் தோளில் கொஞ்சம் பெரிது.

"அங்கிள்! ஹவ் ஆர் யூ? என்ன இதில நிக்கிறீங்கள்?"

"வேலை... சும்மா. பஸ்ஸுக்கு." அவர் காரைப் பார்த்தார். "கறுப்பு அடிச்சாச்சு."

"ஓம் அங்கிள். அந்த வீடியோவைப் பாத்திட்டுச் செத்தவீட்டுக்காரர் ஃபோன் எடுத்துக்கொண்டே இருந்தவை. அந்த லிமோ கிடைக்குமோ எண்டு. ஃபமிலியை மரியாதையாக் கூட்டிக்கொண்டு போகுதாம். மாமா முதல்ல நம்பேல்லை. இப்ப வீக்கெண்ட் எல்லாம் புக்ட். லைக், கல்யாணத்தைவிடக் கூட." அவன் கையைப் பின்பக்கம் காட்டினான். "இப்பத்தான் ஒரு ஃபமிலியை இறக்கிப்போட்டு வாறன்."

பின்னால் பத்துப் பேர் இருக்கக்கூடிய சீற்றுகள் வெறுமையாகக் கிடந்தன. ரோஸ் லைட்டுகளைக் கழற்றிவிட்டார்கள். யாரோ மறந்துவிட்டுப் போன சின்னக் கையுறை ஒன்று சீற்றில் கிடந்தது.

"நீ வீட்டையோ போறாய்?" என்று கேட்டார் அன்புராசா. கேட்ட பிறகுதான் ஏன் கேட்டோம் என்று வெட்கமாக இருந்தது.

"ஓம், உங்கட வீட்டடியால, மல்வேர்ன் பக்கத்தாலதான்..." நிதுசனின் முகம் மாறியது. அவரது சப்பாத்தைப் பார்த்தான், பஸ் வரும் பக்கம் பார்த்தான். "அங்கிள், நான் ஏத்துவன். றியலி. ஆனா மாமா ஸ்ற்றிக்டாச் சொல்லியிருக்கிறார். புக்கிங் இல்லாத ஆக்களைக் காருக்குள்ள விடக் கூடாதெண்டு. கமராவும் உள்ளுக்க வைச்சிருக்கு. உங்களுக்குத் தெரியும்தானே."

"தெரியும், தெரியும். நீ போ தம்பி."

"கவனம் அங்கிள்."

ஜன்னல் ஏறியது. பச்சை விழுந்தது. நிதுசன் பனிச் சேறு அவர்மேல் தெறிக்காமல் மெல்லத்தான் எடுத்தான். கார் அவ்வளவு நீளம்; அது அவரைக் கடந்து முடியக் கொஞ்ச நேரம் எடுத்தது.