தென்புறச் சாலை

தில்லைநாதன் மொழிபெயர்த்த காணி உறுதியில் பிழை இருந்ததாக அதுவரை ஒருவரும் சொன்னதில்லை. வழக்கு நடக்கிற கோட்டுக்கு எதிர்த்தெருவில் ஓர் ஒற்றை அறையை எடுத்து, சத்தியப் பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளர் என்று பலகை தொங்கவிட்டிருந்தார். சென்னையில் பன்னிரண்டு வருஷம் படித்தும் படிப்பித்தும் திரும்பி வந்தவர். காலை ரயிலில் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் வருவார். பின்னேர ரயிலில் திரும்புவார். வழக்கு எல்லாம் இங்கிலீசில் நடந்த காலம் அது. தமிழில் எழுதிய உறுதி எதுவும் அவரைப் போன்ற ஒருவரின் கையால் இங்கிலீசாக மாறித்தான் நீதவானின் மேசைக்குப் போகும். தம்முடைய இங்கிலீசைப் பற்றி அவருக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. தம்முடைய தமிழைப் பற்றி அதைவிடப் பெருமை.

முப்பத்துநாலாம் ஆண்டு ஆவணி மாதத்தில் ஒருநாள், குருநகரைச் சேர்ந்த பெர்னடெட் என்ற கைம்பெண் அவருடைய அறைக்கு வந்தாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். கழுத்தில் செபமாலை. கையில் எண்ணெய்ச்சீலையில் சுற்றிய கடுதாசி. மாகாணத்தை ஆளுகிற ஏசண்டர் துரைக்கு முறைப்பாட்டுப் பெட்டிசம் ஒன்று எழுத வேண்டும் என்றாள். கோட்டில் நம்பிக்கை போய்விட்டதாம். இரண்டு கிழமையில் தீர்ப்பு வரப்போகிறது, அது தனக்கு எதிராகத்தான் வரும் என்று தனக்காக வழக்காடுகிற பிரக்கிராசியே கைவிரித்துவிட்டாராம். எதிராளி யார் என்று கேட்டார். செத்துப்போன தன் புருஷன் சந்தியோகுவின் தம்பி கிறிஸ்துநாயகம் என்றாள்.

அந்தப் பெயரைக் கேட்டதும் தில்லைநாதனுக்கு வழக்கு ஞாபகம் வந்தது. பங்குனியில் கிறிஸ்துநாயகத்தின் பிரக்கிராசி பஞ்சலிங்கம் அந்த உறுதியைக் கொடுத்து மொழிபெயர்ப்பித்திருந்தார். பெர்னடெட்டின் மாமனார் தம்முடைய வீட்டையும் வளவையும் இளைய மகனுக்கு எழுதிக் கொடுத்து, மூத்த மகனின் பெண்சாதிக்கு மட்டும் ஓர் உரித்தை ஒதுக்கியிருந்தார்: ‘தென்புறச் சாலையைச் சீவியகாலம் மட்டும் தடையின்றி ஆண்டனுபவிக்க’. தெற்கே ஓர் ஒழுங்கை இருப்பதாக எல்லைகளில் சொல்லியிருந்தது. ஆகவே சாலை என்பது அந்த ஒடுங்கிய தெருதான் என்று கொண்டு, அந்தப் பெண்ணுக்கு அதில் போக்குவரத்து உரித்து மட்டும் உண்டு என்று அவர் எழுதிக் கொடுத்தார். அரை மணித்தியால வேலை.

இப்போது அவளைப் பார்க்க அவருக்கு இரக்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் வீட்டில் இல்லாத உரித்தைக் கேட்டுப் பெட்டிசம் எழுதுவதில் பயனில்லை என்று பக்குவமாகச் சொல்லிப் பார்த்தார்.

“உங்களுக்குச் சாலை இருக்கெல்லோ அம்மா. அதை ஒருத்தரும் மறிக்கேலாது. உறுதியிலை தெளிவா எழுதிக் கிடக்கு.”

“அதைத்தானே ஐயா விடச் சொல்லுகினம். சாலையை விட்டால் நான் எங்கை படுக்கிறது?”

“சாலையிலையோ படுக்கிறியள்?”

“ஓம். கலியாணம் முடிச்சு வந்த நாள் தொடக்கம் அங்கைதான். என்ரை கட்டிலும் தையல் மெசினும் அங்கைதான் கிடக்கு. மழைக்கு ஒழுகாது. நல்ல காத்து.”

தில்லைநாதன் பேனையைக் கீழே வைத்தார்.

அவள் எண்ணெய்ச்சீலையை அவிழ்த்து ஒரு தாளை நீட்டினாள். அதே உறுதியின் இரண்டாம் தாள். மாமன் சாகுமுன் அதைத் தன் கையில் தனியே தந்து பத்திரமாக வைத்திரு என்றாராம். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. தன்னுடைய பிரக்கிராசியிடம் இரண்டு தரம் நீட்டினாளாம். அவரோ மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, வழக்குக்கு இங்கிலீசில் இருப்பதே போதும், இது வெறும் சாமான் பட்டியல் என்று திருப்பிக் கொடுத்துவிட்டாராம். சாமான் பட்டியல்தான். ‘மேற்படி தென்புறச் சாலையிலுள்ள தட்டுமுட்டுக்களாவன: அலுமாரி ஒன்று, கதிரை நாலு, வாங்கு ஒன்று, தூக்குவிளக்கு ஒன்று, தேவமாதா சுரூபமும் அதன் கூடும்.’

ஒழுங்கையில் யாரும் அலுமாரி வைப்பதில்லை.

அவருக்குக் காது சுட்டது. சென்னையில் அவர் நடந்த வழியெல்லாம் சாலை. பலகையில் சாலை, பத்திரிகையில் சாலை, மாணவர்கள் எழுதிய கட்டுரைகளிலும் சாலை. ஆனால் சுன்னாகத்தில் பிறந்து வளர்ந்த அவருடைய வாய் ஒருநாளாவது தெருவைச் சாலை என்று சொன்னதுண்டா? தெரு என்போம், றோட்டு என்போம், ஒழுங்கை என்போம். பாடசாலைக்குள் பிள்ளைகள் இருக்கிறார்கள், வைத்தியசாலைக்குள் நோயாளிகள் இருக்கிறார்கள். தினமும் ரயிலடிக்குப் போகிற வழியில் இருக்கிற வாசிகசாலைக்குள் யாராவது வண்டில் ஓட்டினார்களா? இவ்வளவும் தெரிந்திருந்தும், வேறொரு ஊரின் வழக்கத்தைக் கொண்டுவந்து ஒரு பெண்ணின் படுக்கையைத் தெருவில் போட்டிருக்கிறார்.

அந்த மொழிபெயர்ப்பு யாருடையது என்று அவளுக்குத் தெரியாது. சொல்லாமல் விடலாம். அவர் சொன்னார். அவள் ஏசவில்லை. அப்படியென்றால் பெட்டிசம் எழுதத் தேவையில்லையா என்று மட்டும் கேட்டாள். முதலில் வீட்டைப் பார்க்க வேண்டும் என்றார் அவர்.

இருவரும் வெயிலோடு வெயிலாகக் குருநகருக்கு நடந்தார்கள். அவள் சொன்ன சாலை, நாலைந்து பேர் காலை நீட்டிப் படுக்கக்கூடிய நீண்ட கூடம். தெற்கே ஒழுங்கையைப் பார்த்த இரண்டு யன்னல். பட்டியலில் இருந்த ஒவ்வொன்றும் அந்தந்த இடத்தில் இருந்தது. கதிரைகளில் ஒன்றுக்கு மட்டும் கால் மாற்றியிருந்தார்கள். தையல் மெசினில் ஒரு சட்டை பாதியில் நின்றது. அயலில் வலை பொத்திக்கொண்டிருந்த இரண்டு கிழவர்களைக் கூப்பிட்டு, இந்த இடத்துக்கு என்ன பெயர் என்று கேட்டார். இதென்ன கேள்வி என்பதுபோலப் பார்த்துவிட்டு இருவரும் சாலை என்றார்கள்.

தில்லைநாதன் அங்கிருந்து நேரே பஞ்சலிங்கத்திடம் போனார். தில்லைநாதனுக்கு வருகிற வேலையில் பாதிக்குமேல் பஞ்சலிங்கத்தின் கந்தோரிலிருந்து வருவது. பிரக்கிராசி முழுவதையும் கேட்டார். கண்ணாடியைத் துடைத்தார். சாலை என்றால் தெரு என்று அகராதியில் இருக்கிறதா இல்லையா என்றார். இருக்கிறது என்றார் தில்லைநாதன். அப்படியானால் பிழையும் இல்லை, பொய்யும் இல்லை; எதிர்த்தரப்புக்கு ஒரு பிரக்கிராசி இருக்கிறார், அவர் பார்க்காததை நாங்கள் ஏன் பார்க்க வேண்டும் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“கோட்டிலை போய் உம்முடைய மொழிபெயர்ப்பு பிழை எண்டு நீரே சொன்னால், நாளைக்கு உம்மட்டை ஆர் உறுதி கொண்டு வருவினம்? யோசியும் தில்லைநாதர்.”

தில்லைநாதன் யோசித்தார். ரயிலில் யோசித்தார். வீட்டில் பெண்சாதி அருந்ததியிடம் சொன்னார். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அந்த மனுசி எங்கே படுக்கப்போகிறாள் என்று கேட்டாள். தெரியாது என்றார். தெரியாமல் உங்களுக்கு நித்திரை வருமோ என்றாள்.

மறுநாள் அவர் தம்முடைய பிழையை ஒப்புக்கொண்டு ஒரு சத்தியக்கடதாசி எழுதி, இரண்டாம் தாளின் மொழிபெயர்ப்பையும் சேர்த்து, பெர்னடெட்டின் பிரக்கிராசியிடம் கொடுத்தார். இளம் ஆள். வாசித்து முடிப்பதற்குள் முகம் வெளிறிவிட்டது. தீர்ப்பு நாளன்று அவர் எழும்பி விஷயத்தைச் சொல்ல, நீதவான் தீர்ப்பை ஒத்திவைத்து, மொழிபெயர்ப்பாளரைக் கூண்டில் ஏறச் சொன்னார்.

எத்தனையோ பேருடைய வார்த்தைகளை அந்த மேசைக்கு அனுப்பிய தில்லைநாதன், தம்முடைய வார்த்தைக்காகக் கூண்டில் நின்றது அன்றுதான். பின்னால் கிடந்த வாங்குகளில் அவரைத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். இவ்வளவு படித்தவர் எப்படி இந்தப் பிழையை விட்டீர் என்று நீதவான் கேட்டார். படித்த இடத்தின் சொல்வழக்கை நினைத்தேன், எழுதிய இடத்தின் சொல்வழக்கைக் கேட்கவில்லை என்றார் தில்லைநாதன். பஞ்சலிங்கம் எழுந்து, இந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று சாட்சி சொல்லட்டும் என்றார். வடமொழியிலும் சாலா என்றால் மண்டபம், போத்துக்கீசப் பறங்கியர் பாஷையிலும் சாலா என்றால் விருந்தினரை இருத்தும் கூடம், குருநகருக்கு எந்தப் பக்கத்தால் வந்தது என்று தன்னால் சத்தியம் பண்ண முடியாது, எந்தப் பக்கத்தால் வந்தாலும் கூரையோடுதான் வந்தது என்றார் தில்லைநாதன். நீதவான் சிரிக்கவில்லை, எழுதிக்கொண்டார்.

பிறகு கிறிஸ்துநாயகத்தைக் கூப்பிட்டார்கள். கடலில் கறுத்த, தோள் அகன்ற மனிதன். அவனுடைய மூத்த மகள் ஸ்ரெல்லாவுக்கு மாப்பிள்ளை பேசியிருந்தது. வீடு முழுவதையும் சீதனமாக எழுதினால்தான் கலியாணம் என்று மாப்பிள்ளை வீட்டார் நின்றார்கள். அந்த நெருக்கத்தில்தான் அவன் உறுதியைத் தூக்கிக்கொண்டு பஞ்சலிங்கத்திடம் போனவன். மச்சாள் பெர்னடெட்டுக்கு ஒழுங்கை மட்டும்தான் என்று இங்கிலீசில் இருக்கிறது எனப் பிரக்கிராசி சொன்னபோது, கடவுளே தந்த வழி என்று நம்பிக்கொண்டான். நம்ப விரும்பினான் என்பதே சரி.

அந்த வீட்டில் தெற்கே இருக்கிற கூடத்தை உன்னுடைய தகப்பன் என்னவென்று சொல்லுகிறவர் என்று நீதவான் கேட்டார்.

பஞ்சலிங்கம் அவனைப் பார்த்தார். பெர்னடெட் நிலத்தைப் பார்த்தாள். கிறிஸ்துநாயகம் கூண்டின் விளிம்பைப் பிடித்தான். மறந்துபோச்சு என்று சொன்னால் போதும், யாரும் அவனைப் பொய்யன் என்று நிறுவ முடியாது.

“சாலை எண்டுதான் அப்பு சொல்லுறவர்,” என்றான். “நாங்களும் அப்பிடித்தான் சொல்லுறது. மச்சாளுக்கு எண்டு அவர் என்னட்டைச் சொல்லியும் கிடக்கு.”

தீர்ப்பு பெர்னடெட் பக்கம் வந்தது. கோட்டு வாசலில் அவன் அவளுக்கு முகம் கொடுக்காமல் போகப் பார்த்தான். அவள்தான் மறித்தாள். தன்னுடைய உரித்து தன் சீவனோடு முடிகிறது, அதற்குப் பிறகு சாலை ஸ்ரெல்லாவுக்குத்தானே, அதை மாப்பிள்ளை வீட்டாருக்குத் தன் வாயால் சொல்ல வருகிறேன் என்றாள். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு நடந்தான். அவள் போய்ச் சொன்னாள். அவர்கள் கொஞ்சம் முறுகிவிட்டுச் சம்மதித்தார்கள். தை மாதத்தில் கலியாணம் நடந்தது. பெண்ணின் உடுப்பைத் தைத்தவள் பெர்னடெட்.

பஞ்சலிங்கம் சொன்னதும் பொய்க்கவில்லை. அவருடைய கந்தோரிலிருந்து அதற்குப் பிறகு ஒரு தாளும் வரவில்லை. மற்றவர்களும் ஒரு வருஷம் மட்டில் தயங்கினார்கள். தில்லைநாதன் பகலில் பள்ளிக்கூடம் ஒன்றில் இங்கிலீசு படிப்பிக்கப் போனார். வந்த கொஞ்ச உறுதிகளையும், உரியவர்களை முன்னால் இருத்தி, ஒவ்வோர் இடத்தின் பெயரையும் அவர்கள் வாயாலேயே கேட்டு எழுதினார். விறாந்தை எந்தப் பக்கம், பத்தி என்று எதைச் சொல்லுகிறீர்கள், கோடி என்றால் வீட்டுக்குப் பின்பக்கமா, புதுச்சீலையா? அரை மணித்தியால வேலை ஒருநாள் முழுக்க இழுத்தது. சிலர் சலித்துக்கொண்டு எழுந்து போனார்கள். இருந்தவர்கள் வீட்டுக்கதை முழுவதையும் சொல்லிவிட்டுத்தான் போனார்கள்.