உட்கார்ந்தவர்களும் முழங்காலிட்டவர்களும்

“உங்கப்பாகிட்ட இன்னிக்கே கேட்டுடட்டுமா?” என்றான் கிளாரன்ஸ்.

“வேணாம்,” என்றாள் டோரதி.

“ஏன்?”

“அவர் ஒரு தடவை ‘இல்லை’ன்னு சொல்லிட்டார்னா அதோட முடிஞ்சுது. சொன்ன சொல்லை மாத்தவே மாட்டார். நாம கேட்டாத்தானே ‘இல்லை’ன்னு சொல்ல முடியும்?”

“கேட்காட்டி கல்யாணம் எப்படி ஆகும்?”

“ஆகாது. ஆனா, ஆகவே ஆகாதுன்னும் இல்லையே!”

கிளாரன்ஸ் தலையைச் சொறிந்துகொண்டான். “டீச்சருங்க கணக்கு தபாலாபீஸ்காரனுக்குப் புரியலைம்மா.”

அல்சூர் ஏரிக்கரையில் அவர்கள் இப்படிப் பேசி ஒன்பது வருஷம் ஆகிவிட்டது. 1947 செப்டம்பர் கடைசி ஞாயிற்றுக்கிழமை காலையில், ஜோகுபாளையத்துக் கிறிஸ்தவக் கோயிலில் ஆர்மோனியத்தின் முன் உட்கார்ந்திருந்த டோரதிக்கு அந்தப் பேச்சு ஒரு வார்த்தை விடாமல் நினைவுக்கு வந்தது. அவளுக்கு இப்போது முப்பத்தொரு வயது. கேட்காத கேள்வி இன்னும் கேட்காத கேள்வியாகவே இருந்தது.

ஜாதகமோ சொத்தோ இங்கே தடையில்லை. டோரதியின் குடும்பம் மூன்று தலைமுறையாக ஆங்கிலிக்கன். கிளாரன்ஸ் வெஸ்லியன், அதாவது மெதடிஸ்ட். இரண்டு கோயில்களுக்கும் நடுவே ஒரு தெருதான். ஆனால் அவள் அப்பா ஆம்ப்ரோஸ் அந்தத் தெருவை ஒரு சமுத்திரம் போல நடத்தினார். கோயில் வார்டனாக, சபைக் காரியங்களை நிர்வகித்து, இருபத்திரண்டு வருஷம் இருந்தவர் அவர்.

வெஸ்லியன் சபையின் மூப்பரும் கிளாரன்ஸின் சித்தப்பாவுமான ஜெயராஜைக் கடைத்தெருவில் பார்த்தால் விடவே மாட்டார்.

“உங்க ஜான் வெஸ்லி சாகற வரைக்கும் எங்க சபை குருவாத்தான்யா இருந்தார். நீங்கதான் அவரை விட்டுட்டு ஓடிப்போயிட்டீங்க” என்பார்.

“அவர் பிரசங்கம் பண்ண வந்தா கதவைச் சாத்தினது யாரு? உங்காளுங்கதானே? மனுஷன் வயக்காட்டுல நின்னு பேசினாரே, பாவம்!” என்பார் ஜெயராஜ்.

இருநூறு வருஷத்துச் சண்டையை இருவரும் கத்தரிக்காய் பொறுக்கியபடியே போடுவார்கள்.

அந்த வருஷம் உலகமே தலைகீழானது. ஆகஸ்டில் நாடு விடுதலையடைந்தது, கூடவே இரண்டாகவும் பிரிந்தது. பஞ்சாபிலிருந்து வந்த செய்திகளைப் படித்துவிட்டு ஆம்ப்ரோஸ் பல நாள் பத்திரிகையைப் பாதியிலேயே மடித்து வைத்தார். செப்டம்பரில், ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், தென்னிந்திய ஐக்கிய சபை மூன்றும் ஒரே திருச்சபையாகின்றன என்று சென்னையிலிருந்து கடிதம் வந்தது. அதை எதிர்ப்பார் என்று எல்லாரும் காத்திருக்க, அவர் மெதுவாகச் சொன்னார்:

“ஊரெல்லாம் பிரியற வருஷத்துல நாமளாவது சேருவோமே. ஆனா எனக்கு இது சுலபம்னு யாரும் நினைச்சுடாதீங்க.”

சென்னையில் இணைப்பு ஆராதனை சனிக்கிழமை. மறுநாள் ஜோகுபாளையத்து ஆங்கிலிக்கன் கோயிலில் இரண்டு சபையும் சேர்ந்து ஆராதிப்பது என்று முடிவாயிற்று. வியாழக்கிழமை ஆம்ப்ரோஸ் தம் சபையாரைக் கூட்டினார்.

“வெஸ்லியன்காரங்க உக்காந்தே ஜெபம் பண்ணுவாங்க. நாம முழங்கால் போடுவோம். நம்ம வீட்டுக்கு வர்ற விருந்தாளிங்க, அவங்க மட்டும் உக்காந்திருந்தா பேஜாரா இருக்கும். அதனால இந்த ஒரு நாளைக்கு நாமளும் உக்காந்தே ஜெபம் பண்ணலாம். அவங்ககிட்ட யாரும் மூச்சு விடக் கூடாது.”

பின்வரிசையிலிருந்த பிரிஜெட் அம்மா, “வார்டன் ஐயா, நீங்களா பேசறீங்க?” என்று கேட்டேவிட்டார்.

“நானேதான். சந்தேகமிருந்தா கிள்ளிப் பாரும்மா.”

டோரதிக்கு அன்று தூக்கம் வரவில்லை. தன் அப்பா எதையும் மாற்றிக்கொண்டு அவள் பார்த்ததே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை கோயில் நிரம்பி வழிந்தது. இடப்பக்கம் ஆங்கிலிக்கன், வலப்பக்கம் வெஸ்லியன். முதல் பாட்டை இரண்டு பாடகர் குழுவும் சேர்ந்து பாடியபோது கிளாரன்ஸ் ஆர்மோனியத்துக்கு மூன்றடி தூரத்தில் நின்றான். காதோரம் இரண்டு நரைமுடி. அது அவனுக்கு நன்றாகவே இருந்தது.

“ஜெபம் செய்வோம்,” என்றார் குருவானவர்.

இடப்பக்கம் எல்லாரும் தொப்பென்று பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அதே நொடியில் வலப்பக்கம் எல்லாரும் மடமடவென்று முழங்காலிட்டார்கள்.

கோயிலே திகைத்துப் போயிற்று. உட்கார்ந்தவர்கள் முழங்காலிட்டவர்களைப் பார்த்தார்கள். ஐயோ, தப்பாகிவிட்டதே என்று ஆங்கிலிக்கன்கள் அவசர அவசரமாக முழங்காலுக்குச் சரிந்தார்கள். அவர்கள் முதலில் உட்கார்ந்ததைப் பார்த்துவிட்ட வெஸ்லியன்களும் அதே அவசரத்தில் எழுந்து உட்கார்ந்தார்கள். மறுபடியும் ஒரு பக்கம் மேலே, ஒரு பக்கம் கீழே.

“மூணு வாரமா முழங்கால் போட்டுப் பழகினோமே, ஐயா!” என்றார் ஜெயராஜ், கோயில் என்பதையும் மறந்து. “என் முட்டியே வீங்கிப் போச்சு!”

எங்கிருந்தோ ஒரு கனைப்பு கேட்டது. டோரதி திரும்பிப் பார்த்தாள். அவள் அப்பாதான். முழங்காலிட்டபடி, முகத்தைக் கைகளில் புதைத்து, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார். அதைக் கண்ட குருவானவருக்கும் அடக்க முடியவில்லை. சிரிப்பு வரிசை வரிசையாகப் பரவிப் பின்சுவர் வரை போயிற்று.

“சரி,” என்றார் குருவானவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு. “முட்டி வலிக்கிறவங்க உக்காருங்க. மத்தவங்க முழங்கால் போடுங்க. ஆண்டவர் ரெண்டு பேர் ஜெபத்தையும் கேட்பார்.”

அதன்பிறகு எந்தப் பக்கம் யார் என்றே தெரியவில்லை. ஜெயராஜ் உட்கார்ந்தார். ஆம்ப்ரோஸ் எழுந்து போய் அவர் பக்கத்தில் முழங்காலிட்டார்.

ஆராதனை முடிந்ததும் முற்றத்தில் காப்பியும் பன்னும். வெயில் இளஞ்சூடாக அடித்தது. இரண்டு கிழவர்களும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள்.

“உங்களுக்கு முழங்கால் போடவே தெரியலைய்யா, ஜெயராஜ். குதிகால் மேலேயே உக்காந்துக்கறீங்க.”

“உங்களுக்கு உக்காரத் தெரியுதா? பெஞ்சு உடையற மாதிரி விழுந்தீங்களே!”

ஆம்ப்ரோஸ் மறுபடியும் சிரிக்க ஆரம்பித்தார். காப்பித் தம்ளர் ஆடிற்று. டோரதி அதை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். எதிரே கிளாரன்ஸ், கடித்த பன்னை மெல்லவும் மறந்து அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். வேண்டாம் என்று கண்ணால் சொன்னான். ஒன்பது வருஷத்தில் அவனும் கேட்காமலிருக்கப் பழகிவிட்டான் போலும்.

‘இல்லை’ என்று சொல்லிவிட்டால் எல்லாம் போயிற்று. ஆனால் தன் வாழ்நாளில் முதல்முறையாக உட்கார்ந்து ஜெபிக்கத் துணிந்த மனிதரல்லவா எதிரே இருப்பது!

“என்னம்மா, அப்படிப் பார்க்கறே?” என்றார் ஆம்ப்ரோஸ்.

டோரதி தம்ளரைப் பெஞ்சில் வைத்தாள்.

“அப்பா, நான் ஜெயராஜ் ஐயாவோட அண்ணன் மகன் கிளாரன்ஸைக் கட்டிக்கணும். அடுத்த ஞாயித்துக்கிழமையே எங்க கல்யாண அறிவிப்பு ஓலையை இந்தக் கோயில்ல வாசிக்கச் சொல்லுங்கப்பா.”