எண்பத்தைந்து சதவீதக் கறுப்பு

நோயாளி மணி அடித்தும் அக்கா பதினோரு நிமிடம் கழித்துத்தான் போனாள், அதனால்தான் அவர் இறந்தார் என்று மருத்துவமனை சொல்கிறது. அதற்குச் சாட்சி நடைபாதை வீடியோ. மணி அழுத்தப்பட்டது மாலை நான்கு பத்துக்கு என்று மணிப் பதிவேடு சொல்கிறது. அக்கா அறைக்குள் நுழைவது நான்கு இருபத்தொன்றுக்கு என்று வீடியோவின் வலது மேல் மூலையில், கறுப்புப் பெட்டிக்குள், வெள்ளை எண்களில் ஓடுகிறது. அந்தப் பெட்டியையும் எண்களையும் வரையும் நிரலை எழுதியவள் நான். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, நான் செலவு செய்து அக்காவுக்கு வைத்திருக்கிறேன்.

என் வேலை அதுதான். கேமராவிலிருந்து வரும் படம் பல கட்டங்களைத் தாண்டிப் பதிவாகும். அதில் ஒரு கட்டத்தில் ஒவ்வொரு பிரேமின் மேலும், அதாவது வீடியோவின் ஒவ்வொரு தனிப்படத்தின் மேலும், நேரத்தையும் கேமரா எண்ணையும் வரைந்து அனுப்ப வேண்டும். ஓவர்லே என்போம். வரைந்த பிறகு அது படத்தோடு படமாக ஒட்டிவிடும், உரித்தெடுக்க முடியாது. ஓவர்லே இல்லாத மூலப்படம் ஏழு நாளில் தானாக அழிந்துவிடும். சம்பவம் நடந்து இன்றோடு பன்னிரண்டு நாள். பிற்பகல் மூன்று மணிக்கு விசாரணை.

அக்கா பதினாறு வருடமாக நர்ஸ். முதல் நாள் அழுதுகொண்டே, "மணி கேட்டதும் ஓடினேன் வாலு, சத்தியமா ஓடினேன்" என்றாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கடிகாரம் தப்பாக் காட்டாதுக்கா. நான் எழுதினது." அதை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது. நான்காம் நாள் அவள் பேச்சு மாறிவிட்டது. "வீடியோவுலயே இருக்கே. எனக்குத்தான் ஞாபகம் தப்பாயிருக்கும்" என்றாள். அதன்பின் எங்கே போவதானாலும் முன்கூட்டியே போய் உட்கார்ந்துகொள்ள ஆரம்பித்தாள்.

இன்று காலை அலுவலகத்தில் வேறு வேலை ஓடவில்லை. பழைய நிரலைத் திறந்து வரிவரியாகப் படித்தேன். நாற்பதாவது வரியில் தப்பு இருந்தது.

ஒவ்வொரு பிரேமும் தான் பிறந்த நேரத்தைக் கூடவே சுமந்துகொண்டு வரும். அதை எடுத்து எழுதியிருக்க வேண்டும். நானோ, வரையும் நொடியில் கணினியிடம் "இப்போ மணி என்ன" என்று கேட்டு எழுதியிருந்தேன். பிரேம் உடனுக்குடன் வந்தால் இரண்டும் ஒன்றுதான். ஆனால் வரைவதற்கு முன் ஒரு வரிசை இருக்கிறது. கணினி திணறினால் பிரேம்கள் அங்கே காத்திருக்கும். ஒரு பிரேம்கூடத் தவறக் கூடாது என்று மேனேஜர் சொன்னதால் அந்த வரிசையின் நீளத்துக்கு இருந்த வரம்பை நானே எடுத்துவிட்டிருந்தேன். அந்த மருத்துவமனையின் கணினியோ ஓட்டை. காலையில் சரியாக இருக்கும், மணிக்கு மணி வரிசை நீளும், மாலைக்குள் பத்து நிமிடத்துக்கு மேல் போய்விடும். நள்ளிரவில் தானாக அணைந்து எழும்போது கழுவித் துடைத்த மாதிரி ஆகிவிடும். நாங்கள் சோதித்ததெல்லாம் காலை பத்து மணிக்கு. மாலையில் யாரும் பார்க்கவில்லை, எங்களுக்கு பஸ் பிடிக்க வேண்டியிருந்தது.

மேனேஜரிடம் ஓடினேன். அவர் கேட்டு முடித்துக் கண்ணாடியைக் கழற்றினார். "யாரும்மா நம்புவாங்க? அக்காவைக் காப்பாத்தத் தங்கச்சி கதை கட்டுறான்னுவாங்க. நிரூபிக்கலாம்னா அந்த மெஷினைப் போன வாரமே மாத்திட்டாங்க."

"படத்துலயே ஆதாரம் இருந்தா?"

"அந்த நடைபாதையில என்ன இருக்கு, வெறும் சுவரு."

வெறும் சுவர் இல்லை. பெட்டியை அந்த மூலையில் வைத்ததற்குக் காரணமே, அங்கே ஒரு சுவர்க் கடிகாரத்தைத் தவிர வேறெதுவும் இல்லை என்பதுதான். கடிகாரத்துக்கு மேல் கடிகாரம், யாருக்கு என்ன நஷ்டம் என்று அன்றைக்கு ஜோக்கடித்திருந்தேன்.

மருத்துவமனை அன்று பெட்டி முழுக் கறுப்பாக இருக்க வேண்டும் என்று கேட்டது. எனக்கு அது அசிங்கமாகத் தெரிந்தது. யாருக்குத் தெரியப் போகிறது என்ற திமிரில் எண்பத்தைந்து சதவீதக் கறுப்போடு விட்டுவிட்டேன். அப்படியானால் பதினைந்து சதவீதச் சுவர் இன்னும் அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது.

அந்தப் பகுதியை வெட்டியெடுத்து வெளிச்சத்தை ஏழு மடங்கு கூட்டினேன். சாம்பல் கஞ்சிதான் வந்தது. படத்தைச் சுருக்கிப் பதியும்போது இருட்டில் இருப்பதையெல்லாம் கணினி கட்டம் கட்டமாக மெழுகிவிடும். பத்து பிரேம்களைக் கூட்டிச் சராசரி பார்த்தேன். கஞ்சி கொஞ்சம் தெளிந்தது, அவ்வளவுதான். அக்காவை அழைத்தேன், போன் அணைந்திருந்தது. ஒரு மணிக்கு மறுபடியும் அழைத்தேன். சாப்பிடவில்லை. அவசரத்தில் கணினிக் கோப்பு ஒன்றை இரண்டு முறை அழித்து மறுபடி செய்தேன். வெள்ளை எண்கள் விழாத இடங்களை மட்டும் பொறுக்கி, அக்கா நுழையும் நேரத்தை ஒட்டிய இருபது நொடிகளின் ஐந்நூறு பிரேம்களையும் ஒன்றாகக் கூட்டினேன்.

இரண்டு இருபதுக்கு ஒரு வட்டம் தெரிந்தது. அதற்குள் இரண்டு கோடுகள். சின்ன முள் நான்கைச் சற்றே தாண்டியிருந்தது. பெரிய முள் இரண்டின் மேல். நான்கு பத்து.

அவள் ஓடித்தான் போயிருக்கிறாள். மேசையில் தலையைக் கவிழ்த்து ஒரு நிமிடம் அழுதேன். பிறகு லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினேன்.

மருத்துவமனையின் மூன்றாம் மாடியில் விசாரணை அறைக்கு வெளியே, சீருடையில், மடியில் கை வைத்து அக்கா உட்கார்ந்திருந்தாள். மூன்றாக இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது.

"கையெழுத்துப் போட்டுட்டேன் வாலு" என்றாள்.

"மூணு மணிக்குத்தானே விசாரணை?"

"நான் ரெண்டு மணிக்கே வந்துட்டேன். ஒத்துக்கிட்டு எழுதிக் கொடுத்தா லைசென்ஸ் தப்பிக்கும்னாங்க. எழுதிக் கொடுத்துட்டேன்."

அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே போனேன். விசாரணை அதிகாரி கோப்பைக் கட்டிக்கொண்டிருந்தார். மூச்சு வாங்க எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் திரையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

"இது படமா, புகையா?"

"முள்ளு ரெண்டும் தெரியுது பாருங்க சார்."

"தெரியுது. அந்தச் சுவர்க் கடிகாரம் சரியா ஓடிச்சுன்னு என்ன நிச்சயம்?"

அதற்கு அக்காவே பதில் சொன்னாள், தரையைப் பார்த்துக்கொண்டு. "அந்தச் சுவர்க் கடிகாரமும் அழைப்பு மணிப் பதிவேடும் ஒரே லைன்லேர்ந்துதான் நேரம் எடுக்கும் சார். தப்புன்னா ரெண்டும் சேர்ந்துதான் தப்பாகும்."

அவர் மணிப் பதிவேட்டைப் புரட்டினார். நான்கு பத்து. திரையைப் பார்த்தார். பிறகு அக்காவின் கடிதத்தை எடுத்தார். "அப்ப நீங்க ஏம்மா லேட்டா போனேன்னு எழுதினீங்க?"

"வீடியோவைப் பார்த்துத்தான் எழுதினேன் சார்."

அவர் கடிதத்தை மேசையில் வைத்தார். "வீடியோவுல ஓடுற இந்தக் கடிகாரத்தை யார் எழுதினது?"

"நான்தான்."

"தப்பு உங்களோடதுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவீங்களா? தந்தா இவங்க கடிதத்தை நான் மேல அனுப்ப மாட்டேன். ஆனா உங்க கடிதம் போகும். எங்கெல்லாம் போகும்னு நான் சொல்ல முடியாது."

அக்கா என் கையைப் பிடித்தாள். "வேணாம் வாலு. உன் வேலையும் போயிடும். போன உயிர் திரும்பியா வரப்போகுது?"

"நீ பேசாம இரு அக்கா" என்று சீறினேன். அவளிடம் இப்படி நான் சீறியதே இல்லை. காகிதத்தை வாங்கி நாற்பதாவது வரி முதல் எல்லாவற்றையும் எழுதினேன். எழுத எழுத, இந்த நிரல் ஓடும் மற்ற இடங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. அங்கெல்லாம் யார் யாரை வேலையை விட்டு அனுப்பினார்களோ தெரியாது. அதையும் எழுதினேன். பெயர், தேதி, கையெழுத்து. கடைசியில் நேரம் என்று ஒரு கட்டம் இருந்தது. எந்தத் திரையையும் பார்த்து அதை நிரப்ப எனக்கு மனம் வரவில்லை.

"அக்கா, மணி என்ன?"

அவள் சீருடையில் குத்தியிருந்த நர்ஸ் வாட்சை நிமிர்த்திப் பார்த்தாள். "மூணு இருபத்தாறு" என்றாள். உடனே முகம் மாறியது. "இரு, அதுல பதினொண்ணைக் கழிச்சுக்கோ."

"ஏன்?"

"நான்தான் முன்னால தள்ளி வெச்சேன். வீடியோவுல ஓடுற உன் கடிகாரத்தோட ஒத்துப்போகட்டும்னு."

கழித்தேன். மூன்று பதினைந்து என்று எழுதினேன்.