மெயின் சுவிட்ச்

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வந்து மூன்று தடவை முயன்றேன். தோஹாவில் என் கட்டிலிலிருந்து மருதமுனை வீட்டுக் கம்ப்யூட்டருக்குள் போக முடியவில்லை. வாசல் வரை போகிறது, உள்ளே விடவில்லை. புதன்கிழமை விட்டது.

மறுநாள் காலை பத்து மணிக்கு எங்கள் கம்பனி இன்ஜினியர் முன்னால் இதைத் திறந்து காட்ட வேண்டும். வீட்டில் லேப் வைத்திருப்பது உண்மையென்றால் இங்கிருந்து காட்டு, சேர்வர் அறைக்கு எடுக்கிறேன் என்று சொல்லியிருந்தார். இல்லாவிட்டால் மறுபடி கேபிள் குழிதான். நாலு வருடமாகத் தோண்டுகிறேன். வலது கை தோளுக்கு மேல் எழும்பாது.

லேப் என்றால் நெட்வொர்க் வேலை பழக மூன்று பழைய கம்ப்யூட்டர், ஒரு மலிவு ரவுட்டர். சுனாமி வேலைக்கு வந்த தொண்டு நிறுவனமொன்று, சண்டை முடிந்த பிறகு கல்முனை அலுவலகத்தை மூடியபோது விற்றவை. போன லீவில் வாங்கி அடுக்கிவிட்டு வந்தேன்.

மனைவி றுமானாவுக்குப் போன் எடுத்தேன்.

"ரவுட்டர்ல லைட் எரியுதா?"

"நாலும் எரியுது. பொண்டாட்டிய சுகமா எண்டு கேக்கல்ல, லைட்டக் கேக்காரு."

"சுகமா?"

"இரிக்கன். சொல்லுங்க."

கம்ப்யூட்டரில் ரவுட்டரின் செட்டிங் பக்கத்தைத் திறக்கச் சொன்னேன். வெளியிலிருந்து வருகிறவனை உள்ளே எந்தக் கம்ப்யூட்டருக்கு அனுப்புவது என்ற விதி அங்கே இருக்கும். போர்ட் ஃபார்வர்டிங் என்பது அவ்வளவுதான். அவள் எழுத்தெழுத்தாக வாசித்தாள். நான் எழுதியபடியே இருந்தது. முகவரியின் கடைசி எண் மூன்று.

அரை மணி நேரம் வேறெங்கோ பிழை தேடினோம். பிறகுதான் முதல் கம்ப்யூட்டரின் முகவரியையே பார்க்கச் சொன்னேன்.

"கடைசில என்ன நம்பர்?"

"நாலு."

"மூணு இல்லையா?"

"மூணும் நாலும் எனக்குத் தெரியும்."

கரண்ட் போனால் அந்த ரவுட்டர் எல்லாவற்றையும் மறந்துவிடும். முதலில் எழும்புகிற கம்ப்யூட்டருக்கு மூன்றைக் கொடுக்கும். வரிசை மாறியிருக்கிறது.

"கரண்ட் போனதா?"

"இல்ல. நான்தான் மெயின் சுவிட்ச நிப்பாட்டின."

"தொடாத எண்டு சொன்னேனே, புள்ள."

"நேத்து கடல் வருதாம் எண்டு ரோட்டால கத்திக்கிட்டு ஓடினாங்க. நிப்பாட்டிப்போட்டு ஓடின. வரல்ல. பின்னேரம் அசறுக்குத் திரும்பி வந்து எல்லாத்தையும் போட்ட."

"எனக்குச் சொல்லல்லயே."

"வராததப் போய் என்னத்தச் சொல்ற?"

அவளுடைய அண்ணன் மசூர் காக்கா சுனாமியன்று தண்ணீருக்குத் தப்பினவர். அலை வடிந்ததும் வீட்டுக்குள் போய் பிரிட்ஜைப் பிடித்தார். கரண்ட் இருந்தது. அன்றிலிருந்து அந்தக் குடும்பத்தில் கடல் என்று யாராவது கத்தினால் கை முதலில் போவது மெயின் சுவிட்சுக்கு. பிள்ளையைத் தூக்குவது அதன் பிறகு.

காக்காவை அடக்கக் கொண்டுபோன சந்தூக்கைத் தூக்கினவர்களில் நானும் ஒருவன். தெரிந்தும் முகவரி எண்ணை நிலையாகக் கட்டாமல் வந்தது என் பிழை.

விதியில் நாலு என்று மாற்றச் சொன்னேன். மாற்றினாள். திறந்தது. சந்தோஷம் எதுவும் வரவில்லை, தோள் வலித்தது. உள்ளே போய் நாலை அந்தக் கம்ப்யூட்டருக்கு நிரந்தரமாக்கினேன்.

"இனி நிப்பாட்டினாலும் நம்பர் மாறாது. நாளைக்குப் பத்து மணிக்கு மட்டும்..."

"பத்து மணிக்குக் கடல் வந்தா?"

"நிப்பாட்டு."

"ஓம், உங்கக்கிட்ட கேட்டுத்தான் நிப்பாட்டப்போறன்."

மறுநாள் திறந்து காட்டினேன். இன்ஜினியர் கால் மணி நேரம் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். நான் திரையின் மூலையில் வீட்டு இணைப்பைக் காட்டும் பச்சைப் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது எரிந்துகொண்டிருக்கும் வரை வீட்டில் யாரும் ஓடவில்லை.

திங்கட்கிழமை சேர்வர் அறைக்கு வா என்றார். அவர் சொன்னது இரண்டாம் தடவைதான் காதில் விழுந்தது.